எல் மொசோத்தே: ஒரு சொல்லும் 143 எலும்புக்கூடுகளும்

படுகொலைகளைப் பற்றி எழுதப் புகுவோர் இறந்தவர் எண்ணிக்கையில் தொடங்குவது வழக்கம். எல் மொசோத்தே பற்றி எழுதும்போது அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியிருக்கிறது. ஏனெனில் அந்தச் சிற்றூரில் நிகழ்ந்தது 11 ஆண்டுகள் மறுக்கப்பட்டு வந்ததே எண்ணிக்கையைக் காட்டித்தான். அங்கே வாழ்ந்தவர்களே முந்நூறு பேர் என்றால் எழுநூறு பேர் எப்படிச் செத்திருக்க முடியும் என்று ஒரு வல்லரசின் அதிகாரிகள் கேட்டார்கள். கணக்கில் பிழையிருந்தால் நிகழ்ச்சியே பொய் என்பது அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்த வாதம். பிணங்களுக்கு நடுவிலிருந்து ஊர்ந்து தப்பிய ஒரு பெண்ணின் சொல் ஒரு தட்டிலும், இந்தக் கணக்கு மறு தட்டிலுமாக அத்தனை ஆண்டுகள் நின்றன. தராசு எப்படிச் சாய்ந்தது என்பதையே நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

எல் சால்வடோர் மத்திய அமெரிக்காவின் மிகச் சிறிய நாடு. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. காப்பித் தோட்டங்களும் அவற்றை வைத்திருந்த சில குடும்பங்களும் ஒரு பக்கம், நிலமற்ற உழவர் பெருந்திரள் மறுபக்கம் என்று பிளந்து கிடந்த நாடு. 1932 ஜனவரியில் மேற்குப் பகுதி உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது ஜெனரல் மாக்சிமிலியானோ எர்னாண்டெஸ் மார்ட்டினெசின் ஆட்சி சில வாரங்களில் 10,000 முதல் 30,000 பேர் வரை கொன்றது. கொல்லப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பழங்குடியினர். மொழியைப் பயிலும் நமக்கு இங்கே ஒன்று உறைக்கிறது. அந்தப் படுகொலைக்குப் பிறகு பிப்பில் மக்கள் தங்கள் உடையையும், நாவாட் என்னும் தாய்மொழியையும் பொதுவெளியில் கைவிட்டார்கள். உடையும் பேச்சும் இன்னார் என்று காட்டிக்கொடுத்தன, காட்டிக்கொடுத்தால் சாவு. தாய்மார் பிள்ளைகளுக்குத் தம் மொழியைச் சொல்லித் தராமல் விட்டது அந்த அச்சத்தால்தான். ஒரு மொழி கொல்லப்படும் முறைகளுள் இதுவும் ஒன்று.

1970களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர்தல்கள் களவாடப்பட்டன. நிலம் கேட்டவர்கள் காணாமல் போனார்கள். கொலைக்குழுக்கள் இரவில் உலவின. 1980 மார்ச் 24 அன்று பேராயர் ஆஸ்கார் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோதே சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கெரில்லா அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஃபரபுண்டோ மார்ட்டி தேசிய விடுதலை முன்னணி ஆயின. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்து ஏறத்தாழ 75,000 உயிர்களைக் குடித்த போர் இப்படித் தொடங்கியது. கெரில்லாக்களை வெண்ணிற ஆடையில் காட்டும் எண்ணம் நமக்கில்லை. வடகிழக்கே மொராசான் மாவட்டத்தின் மலைகளில் நிலைகொண்டிருந்த மக்கள் புரட்சிப் படைதான், 1975 மே மாதத்தில் அந்நாட்டின் பெருங்கவிஞர் ரோக் டால்டனைத் துரோகி என்று பழிசுமத்திக் கொன்றது. அவர் அவர்களுடைய தோழர். இலக்கியத்தின் வழியே எல் சால்வடோரை அறிந்தவர்கள் இந்தக் கறையை மறந்துவிட்டு மேலே செல்ல முடியாது. ஆனால் ஒரு கறை இன்னொன்றைக் கழுவுவதில்லை.

1981இல் அமெரிக்கச் சிறப்புப் படைகளின் பயிற்சியில் ஒரு விரைவுத் தாக்குதல் படையணி உருவாயிற்று. பெயர் அட்லகாட்டல். ஸ்பானியப் படையெடுப்பை எதிர்த்து நின்றதாகச் சொல்லப்படும் பழங்குடித் தலைவனின் பெயர் அது. 1932இல் பழங்குடிகளைக் கொன்று குவித்த இராணுவம், அரை நூற்றாண்டு கழித்துப் பழங்குடி வீரன் ஒருவனின் பெயரைத் தன் கொலைப்படைக்குச் சூட்டியது. படையணியின் தளபதி லெப்டினன்ட் கர்னல் டொமிங்கோ மொன்ட்டெரோசா. துடிப்பானவர், செய்தியாளர்களுக்கு இணக்கமானவர் என்று பெயர் எடுத்தவர். நீரை வடித்துவிட்டால் மீன் சாகும் என்பது அன்றைய இராணுவச் சிந்தனை. கெரில்லா மீன், சுற்றியிருக்கும் உழவர் நீர். இந்த உவமையில் மீனைப் பற்றிய பேச்சு குறைவு. வடிக்கப்படும் நீரைப் பற்றிய பேச்சோ இல்லவே இல்லை.

எல் மொசோத்தே மொராசானின் வடபகுதியில் உள்ளது. ஒரு திறந்தவெளிச் சதுக்கம், அதைச் சுற்றி இருபது வீடுகள், சதுக்கத்தைப் பார்த்தபடி ஒரு தேவாலயம், அதன் பின்புறம் ஒரு சிறு கட்டிடம். அந்தக் கட்டிடத்தை ஊரார் 'கான்வென்ட்' என்றார்கள். நம் ஊரில் அந்தச் சொல் தரும் ஆங்கிலப் பள்ளிப் பொருள் அதற்கு இல்லை. பூசைக்கு வரும் பாதிரியார் உடை மாற்றிக்கொள்ளும் அறை, அவ்வளவே. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் இந்த ஊர் கொஞ்சம் செழிப்பானது. இன்னொரு வேறுபாடும் இருந்தது. ஊராரில் கணிசமானோர் மறுபிறப்பு கண்ட எவாஞ்சலிக்கல் கிறித்தவர்கள். விடுதலை இறையியல் பேசும் கத்தோலிக்கக் குழுக்களிடமிருந்தும் கெரில்லாக்களிடமிருந்தும் விலகி நின்றவர்கள். எப்பக்கமும் சேராமல் இருந்தால் எப்பக்கமும் தொல்லை வராது என்று நம்பியவர்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஊரின் கடைக்காரருக்குத் தெரிந்த ஓர் அதிகாரி எச்சரிக்கை ஒன்று சொன்னார். பெரும் நடவடிக்கை வருகிறது, வழியில் அகப்படுபவர்களுக்கு ஆபத்து, ஊரிலேயே இருந்தால் ஒன்றும் நேராது. கடைக்காரர் அதை ஊராருக்குச் சொன்னார். சுற்றுப்புறக் குடியிருப்புகளிலிருந்தும் மக்கள் பிள்ளைகுட்டிகளோடு எல் மொசோத்தேக்கு வந்து சேர்ந்தார்கள். இருபது வீடுகள் கொண்ட ஊரில் எப்படி அத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. கெரில்லாக்களும் எச்சரித்தார்கள், புறப்பட்டுவிடுங்கள் என்று. ஊரார் இராணுவத்தின் சொல்லை நம்பினார்கள். தம் நாட்டு இராணுவம் அல்லவா?

தமிழ் படித்தவர்களுக்குப் புறநானூற்றின் 9ஆம் பாட்டு இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது. அம்பு தொடுப்பதற்கு முன்பே பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் மகப்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடம் தேடிக்கொள்ளட்டும் என்று அறிவித்துவிட்டுப் போரைத் தொடங்குவானாம் அந்த மன்னன். அதே தொகுப்பில் பகைவர் நாட்டு ஊர்களை எரியூட்டும் காட்சிகளும் உண்டு. வஞ்சித்திணையில் 'எரிபரந்தெடுத்தல்' என்று அதற்கொரு துறையே வகுத்திருக்கிறார்கள். நம் புலவர்கள் போரை ஒப்பனை செய்து மட்டும் காட்டியவர்கள் அல்லர். ஆனால் முதுகுடுமியின் அறிவிப்பும், எரிபரந்தெடுத்தலும் பகைவர் நாட்டைக் குறித்தவை. தன் குடிகளின் ஊரைத் தானே எரிக்கும் அரசனுக்கு ஒரு துறை வகுத்ததாக நாம் படித்ததில்லை. எல் மொசோத்தேயில் அறிவிப்பும் தலைகீழாயிற்று. வெளியேறியிருக்கக்கூடியவர்களை உள்ளே இருத்தியது அது.

டிசம்பர் 10 பிற்பகலில் அட்லகாட்டல் படையினர் ஊருக்குள் வந்தார்கள். வீடுகளிலிருந்த அனைவரையும் சதுக்கத்துக்கு இழுத்து வந்து குப்புறப் படுக்க வைத்துச் சோதனையிட்டார்கள், கெரில்லாக்களைப் பற்றி விசாரித்தார்கள். பின்பு வீடுகளுக்குள் அடைத்து, தலை நீட்டினால் சுடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள், 11ஆம் தேதி விடியலில், மீண்டும் சதுக்கம். இம்முறை ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் குழந்தைகளும் ஒரு பக்கம். ஆண்கள் தேவாலயத்துக்குள். காலை முழுவதும் விசாரணை, சித்திரவதை, கொலை. நண்பகல் வாக்கில் பெண்களைக் குழுக்களாகக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். தாய்மாரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துவிட்டு. இளம்பெண்களை முதலில் மலைப்பக்கம் இழுத்துச் சென்றார்கள். கடைசியாகக் குழந்தைகள். தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த அந்த உடைமாற்றும் அறையில் ஒரு கூட்டம் குழந்தைகளை அடைத்து, சன்னல்கள் வழியே சுட்டார்கள். பிறகு கட்டிடங்களுக்குத் தீ வைத்தார்கள். அன்றும் அடுத்த இரு நாட்களிலும் லா ஹோயா, லா ராஞ்செரியா, லோஸ் டோரிலெஸ், ஹொகோத்தே அமரியோ, செர்ரோ பாண்டோ ஆகிய இடங்களில் இதே வேலை நடந்தது.

சுட்டவர்களும் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகளே என்பதைச் சொல்லாமல் விட்டால் சித்திரம் முழுமையாகாது. அதே மொழி, அதே சோளரொட்டி, அதே புனிதர்கள். குழந்தைகளைக் கொல்வதில் சில சிப்பாய்கள் தயங்கியதாகவும், மேலிடத்து ஆணை அவர்களுக்கு நினைவூட்டப்பட்டதாகவும் சாட்சியம் உண்டு.

அந்தச் சாட்சியத்தைத் தந்தவர் ருஃபினா அமாயா. அப்போது அவருக்கு வயது 38. கணவர் ஆண்களோடு கொல்லப்பட்டதைக் கண்டார். ஒன்பது, ஐந்து, மூன்று வயதுப் பிள்ளைகளையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பெண்கள் வரிசையில் கடைசியாக நின்றிருந்தார். முன்னே நின்றவர்கள் கதறித் தடுமாறிய குழப்பத்தில் மண்டியிட்டு விழுந்தவர் ஒரு மரத்தின் மறைவுக்குள் நகர்ந்துகொண்டார். சிப்பாய்கள் சில அடி தொலைவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்டிய பிறகு, தீ வெளிச்சத்தில் கால்நடைகளும் நாய்களும் மிரண்டு ஓடியபோது, அவற்றுக்கிடையே ஊர்ந்து கற்றாழைப் புதருக்குள் புகுந்தார். அங்கிருந்து குழந்தைகளின் அலறல் கேட்டது. அவற்றுள் தம் பிள்ளைகளின் குரலை அவர் அடையாளம் கண்டார். அழுதால் சத்தம் கேட்டுவிடும். மண்ணில் ஒரு குழி தோண்டி, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

இந்தக் குழியைப் பற்றி நாம் பல நாள் யோசித்திருக்கிறோம். துயரத்தைச் சொல்ல இலக்கியத்துக்கு எத்தனையோ வழிகள் உண்டு. புறங்காட்டில் தலைவிரித்துக் கதறும் பெண்களை நம் கையறுநிலைப் பாடல்களிலிருந்து ஒப்பாரி வரை அறிவோம். அழுகை அங்கே உரிமை. ஊர் கூடிக் கேட்கும், கூடவே அழும். இங்கே அழுகைக்கும் ஒளிவிடம் தேட வேண்டியிருந்தது.

கெரில்லாக்களின் 'ரேடியோ வென்செரேமோஸ்' வானொலி டிசம்பர் இறுதியில் செய்தியை வெளியிட்டது. அது கட்சி வானொலி என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. 1982 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் ரேமண்ட் பான்னரும் புகைப்படக் கலைஞர் சூசன் மைசலாசும் ஹோண்டுராஸ் எல்லையிலிருந்து கெரில்லாக்களின் துணையோடு மலைவழி நடந்து அந்த இடத்தை அடைந்தார்கள். சில நாட்களில் 'வாஷிங்டன் போஸ்ட்' இதழுக்காக அல்மா கியெர்மோபிரியெட்டோவும் சென்றார். ஒரு மாதம் கழிந்தும் இடிபாடுகளுக்கு இடையே எலும்புகளும் அழுகிய உடல்களும் கிடந்தன. ருஃபினாவை இருவரும் சந்தித்தார்கள். ஜனவரி 27 அன்று இரு நாளிதழ்களும் முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டன. உயிர் பிழைத்தோர் தொகுத்த பட்டியலில் 733 பெயர்கள் இருந்தன. சால்வடோர் மனித உரிமை ஆணையம் 926 என்றது.

தேதிதான் இங்கே முக்கியம். எல் சால்வடோருக்கு இராணுவ உதவி தொடர வேண்டுமானால் அந்நாட்டு அரசு மனித உரிமைகளைக் காக்க முனைகிறது என்று ஆறு மாதத்துக்கொரு முறை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான்றளிக்க வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் சற்று முன்புதான் சட்டம் செய்திருந்தது. செய்தி வெளியான மறுநாளே, ஜனவரி 28 அன்று, ரீகன் அந்தச் சான்றில் கையெழுத்திட்டார்.

தூதரகம் விசாரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஜனவரி 30 அன்று டாட் கிரீன்ட்ரீ என்ற இளம் அதிகாரியும் ஜான் மெக்கே என்ற இராணுவ அதிகாரியும் ஹெலிகாப்டரில் மொராசான் சென்றார்கள். எல் மொசோத்தேயின் மேல் பறந்தார்கள். அகதிகள் சிலரோடு பேசினார்கள். பக்கத்தில் இராணுவத்தினரும் நின்றார்கள். ஊரை நோக்கி நடக்க முயன்றபோது உடன் வந்த சிப்பாய்கள் ஒரு கட்டத்துக்கு மேல் வர மறுத்துவிட்டார்கள். ஏதோ கொடியது நடந்திருக்கிறது என்று இருவருக்குமே பட்டது. பிற்காலத்தில் அதை அவர்களே சொன்னார்கள். ஆனால் வாஷிங்டன் சென்ற தந்தி வேறு மாதிரி அமைந்திருந்தது. குடிமக்கள் மீது அத்துமீறல் நடந்ததாக மெய்ப்பிக்கவும் இயலவில்லை, மறுக்கவும் இயலவில்லை. இராணுவம் திட்டமிட்டுப் படுகொலை செய்ததற்குச் சான்று கிட்டவில்லை. இறந்தவர் தொகை சொல்லப்படும் எண்ணுக்கு அருகே வரவே முடியாது. சான்று 'கிட்டவில்லை' என்பது உண்மைதான். சான்று இருந்த இடத்துக்கு அவர்கள் போகவே இல்லையே.

வெளியுறவுத் துணைச் செயலர் தாமஸ் எண்டர்ஸ் பிப்ரவரி 2 அன்று நாடாளுமன்றக் குழுவின் முன் இதையே சொன்னார். முந்நூறு பேர் வாழ்ந்த ஊர் என்ற கணக்கு அங்கேதான் அரங்கேறியது. சில நாட்களில் மனித உரிமைத் துறைப் பொறுப்பாளர் எலியட் ஆப்ரம்ஸ் செனட் குழுவிடம் எண்கள் நம்பத்தக்கனவாக இல்லை என்றார். ஐயத்தோடு வந்த தந்தியின் வாசகம் மேலே ஏற ஏற உறுதியான மறுப்பாயிற்று. மொழியைக் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்தப் பயணத்தைப் பாடமாகவே வைக்கலாம். எழுவாய் மறைகிறது, வினை செயப்பாட்டு வினையாகிறது, கொலை 'அத்துமீறல்' ஆகிறது, கடைசியில் சொன்னவரின் நேர்மையே கேள்விக்குள்ளாகிறது. பிப்ரவரி 10 அன்று 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இதழின் தலையங்கம் பான்னரைக் கெரில்லாப் பிரச்சாரத்துக்கு இரையானவர் என்னும் தொனியில் சாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் மத்திய அமெரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். விமர்சனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவரது ஆசிரியர் சொன்னார். பிற செய்தியாளர்கள் அதிலிருந்து எதைப் புரிந்துகொண்டார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம்.

மொன்ட்டெரோசா 1984 அக்டோபரில் இறந்தார். ரேடியோ வென்செரேமோசின் ஒலிபரப்புக் கருவியைக் கைப்பற்றிவிட்டதாக எண்ணி மகிழ்ச்சியோடு ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். கெரில்லாக்கள் அதற்குள் வெடி வைத்திருந்தார்கள். பெரும் வீரராக அடக்கம் செய்யப்பட்டார். சான் மிகெல் நகரத்துப் படைமுகாமுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அட்லகாட்டல் படையணியோ 1989 நவம்பர் 16 அன்று தலைநகரின் மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து ஆறு ஏசுசபைப் பேராசிரியர்களையும் அவர்கள் வீட்டுப் பணிப்பெண்ணையும் அவர் மகளையும் கொன்றது. கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் செகுண்டோ மொன்ட்டெஸ், சமூகவியல் அறிஞர், அகதிகளைப் பற்றி ஆய்ந்தவர். ஹோண்டுராசின் கொலமொன்காகுவா முகாமிலிருந்து அந்நாட்களில் ஊர் திரும்பிய அகதிகள் மொராசானில் புதிதாக எழுப்பிய குடியிருப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். திரும்பியவர்களுள் ருஃபினாவும் இருந்தார். எட்டாண்டு அகதி வாழ்க்கையிலும் அதன் பிறகும், கேட்டவர்களுக்கெல்லாம் அவர் அதே கதையைச் சொல்லிவந்தார். கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

1990 அக்டோபரில் லா ஹோயாவைச் சேர்ந்த உழவர் ஒருவர் நீதிமன்றத்தில் முறைப்படி புகார் கொடுத்தார். போர் முடியாத காலம் அது. இராணுவத்தின் மீது ஓர் உழவர் புகார் எழுதிக் கொடுப்பதற்கு என்ன துணிவு வேண்டும்! பேராயத்தின் சட்ட உதவி அலுவலகமான 'துத்தேலா லெகால்' அவருக்குப் பின்னால் நின்றது. அதை நடத்திய மரியா ஹூலியா எர்னாண்டெஸ் சாட்சியங்களையும் பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தொகுத்துவந்தவர். 1992 ஜனவரியில் சப்புல்ட்டெபெக் உடன்படிக்கையோடு போர் முடிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அர்ஜென்டினத் தடயவியல் மானுடவியல் குழு தேவாலயத்தின் பின்புறத்து அறை இருந்த இடத்தில் தோண்டத் தொடங்கியது.

அக்குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சியில் காணாமல் போனவர்களின் எலும்புகளைத் தேடுவதற்காக 1984இல், அமெரிக்கத் தடயவியல் அறிஞர் கிளைட் ஸ்னோவின் வழிகாட்டலில், பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் தொடங்கிய குழு அது. தம் நாட்டு இராணுவம் புதைத்தவர்களைத் தோண்டிப் பழகிய கைகள் இன்னொரு நாட்டு இராணுவம் எரித்தவர்களைத் தோண்டின.

செங்கல்லும் ஓடும் சாம்பலும் கலந்த அடுக்குக்குக் கீழே 143 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களுள் 131 பேர் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள். சராசரி வயது ஆறு. பெரியவர்கள் ஏழே பேர். அவர்களுள் ஒரு பெண் நிறைமாதக் கர்ப்பிணி, இடுப்பெலும்புக்குள் சிசுவின் எலும்புகள் இருந்தன. ஒரு பையில் சிறிய பொம்மைக் குதிரை கிடைத்தது. அறைக்குள் 245 தோட்டாக் கூடுகள் கிடைத்தன. எழுத்துகளைப் படிக்க முடிந்த 184 கூடுகளும் அமெரிக்க அரசுக்காக மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையில் செய்யப்பட்டவை. குறைந்தது 24 துப்பாக்கிகள் சுட்டிருந்தன. ஒன்றைத் தவிர அனைத்தும் எம்-16. சில உடல்களுக்கு நேர் கீழே தரையில் குண்டுகள் பதிந்திருந்தன. தரையில் கிடந்தவர்களை மேலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். இருதரப்பு மோதலில் இடையே அகப்பட்டவர்கள் என்ற கதையும், கெரில்லாக் கல்லறை என்ற கதையும் அந்தத் தரையில் முடிந்தன.

எலும்புகள் ருஃபினா சொன்னதையே சொல்லின. புதிதாக எதுவும் சொல்லவில்லை. இதுதான் நம்மை உறுத்துகிறது. ஆறு வயதுக் குழந்தையின் மண்டையோடு ஆய்வு மேசைக்கு வந்த பிறகே ஓர் உழவர் வீட்டுப் பெண்ணின் சொல் 'சான்று' என்ற தகுதியைப் பெற்றது. எழுத்தறிவு குறைந்தவர், கெரில்லாக்கள் நடுவே வாழ்ந்தவர், பிள்ளைகளை இழந்தவர் ஆகையால் மனம் பேதலித்திருக்கலாம் என்றெல்லாம் ஐயுறத் தெரிந்த அறிவுலகம், தந்தி எழுதியவர்கள் ஊருக்குள் காலே வைக்கவில்லை என்பதை ஐயுறத் தவறியது.

ஐக்கிய நாடுகள் அமைத்த உண்மை ஆணையம் 1993 மார்ச் 15 அன்று அறிக்கை தந்தது. எல் மொசோத்தேயிலும் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் அடையாளம் காணப்பட்டவர்கள் மட்டும் 500க்கு மேல், அடையாளம் தெரியாதோர் இன்னும் பலர் என்றது. ஐந்தே நாட்களில் சால்வடோர் சட்டமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. உண்மை தெரிந்தது, ஆகவே கதவைச் சாத்திவிடலாம் என்பதைப் போல. அந்த ஆண்டு டிசம்பர் 6 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழை ஏறத்தாழ முழுவதும் மார்க் டேனரின் நெடுங்கட்டுரை நிரப்பியது. பின்னர் அது நூலாகவும் வந்தது. ஓர் இலக்கிய வார இதழ் தன் பக்கங்களை இவ்வாறு ஒரு சிற்றூருக்கு ஒதுக்கியதை நம் இதழாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

பிறகு நடந்தவை நத்தை வேகத்தில் நகர்ந்தன. ருஃபினா 2007 மார்ச் 6 அன்று காலமானார்; அதே மாத இறுதியில் மரியா ஹூலியா எர்னாண்டெசும். அவர் வாழ்நாளில் எந்த நீதிமன்றமும் எந்த அதிகாரியையும் தண்டிக்கவில்லை. 2012 ஜனவரி 16 அன்று, அமைதி உடன்படிக்கையின் இருபதாம் ஆண்டு நாளில், குடியரசுத் தலைவர் மவுரிசியோ ஃபூனெஸ் எல் மொசோத்தேக்கே வந்து அரசின் சார்பில் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் அரசைப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. 2016 ஜூலையில் சால்வடோர் உச்சநீதிமன்றம் பொதுமன்னிப்புச் சட்டத்தை ரத்து செய்தது. சான் பிரான்சிஸ்கோ கொட்டெரா நகரத்தில் நீதிபதி ஹோர்கே குஸ்மான் வழக்கை மீண்டும் திறந்தார். 2017இல் அரசின் பதிவேடே கொல்லப்பட்டவர்கள் 978 பேர் என்றது. பாதிக்கு மேல் குழந்தைகள். எழுநூறு எப்படிச் சாத்தியம் என்று 1982இல் கேட்டார்கள். 2020 ஜனவரியில் முன்னாள் விமானப்படைத் தளபதி ஹுவான் ரஃபேல் புஸ்தியோ கூண்டில் நின்று, படுகொலையைச் செய்தது அட்லகாட்டல் படையணியே என்று ஒப்புக்கொண்டார். பழியை இறந்துபோன மொன்ட்டெரோசாவின் மேல் போட்டார். செத்தவர் மறுப்புச் சொல்ல வரமாட்டார்.

நயீப் புக்கேலே 2019 ஜூன் 1 அன்று பதவியேற்ற முதல் நாளில் பிறப்பித்த ஆணைகளுள் ஒன்று, சான் மிகெல் படைமுகாமின் சுவரிலிருந்து மொன்ட்டெரோசாவின் பெயரை அகற்றுவது. உறவினர்கள் மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று, இராணுவ ஆவணங்களைப் பார்வையிட நீதிமன்ற ஆணையோடு தலைமையகத்துக்குச் சென்ற நீதிபதி குஸ்மான் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார். பெயர்ப்பலகையைக் கழற்றுவது எளிது. கோப்பைத் திறப்பதுதான் கடினம். 2021 ஆகஸ்டு இறுதியில், அறுபது வயது கடந்த அல்லது முப்பது ஆண்டு பணி முடித்த நீதிபதிகளை ஓய்வுபெறச் செய்யும் சட்டம் நிறைவேறியது. குஸ்மானும் பதவி இழந்தார். அந்த டிசம்பரில் படுகொலையின் நாற்பதாம் ஆண்டு வந்தபோது எவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.

ஊரில் மக்கள் மறுபடி குடியேறியிருக்கிறார்கள். சதுக்கத்தில், கைகோத்து நிற்கும் ஒரு குடும்பத்தின் நிழலுருவம் இரும்பில் செய்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் பின்னாலுள்ள சுவரில் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். தேவாலயம் புதிதாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில், அந்த 143 பேர் கிடைத்த இடத்தில், இப்போது பூச்செடிகள் வளர்கின்றன.